மஞ்சக்காணியில் ஐந்து குழி

முதலில் அடையாள அட்டையைக் காட்டுங்கள் சார். தப்பாக நினைக்காதீர்கள், நான் யாரையும் சந்தேகப்படுகிற ஆள் இல்லை. படத்தில் மீசை இருக்கிறது, முகத்தில் இல்லை, அதனால் கேட்கிறேன். எடுத்துவிட்டீர்களா? எப்போது? போன வருஷமா. சரி. முதுநிலை விஞ்ஞானி, புவி இயற்பியல். பின்பக்கமும் பார்த்துவிடுகிறேன். நான் படித்த கான்வென்டில் மதர் பெர்னதெத் என்று ஒருவர் இருந்தார். எந்தக் காகிதத்தையும் பின்பக்கம் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தால் விரல் முட்டியில் ஸ்கேல் விழும். அந்தப் பழக்கம் போகவில்லை. இந்தாருங்கள்.

உட்காருங்கள். காபி பேசி முடித்த பிறகு. அவர் வீட்டில் இல்லை, சொசைட்டியில் உரம் வந்திருக்கிறது என்று போயிருக்கிறார். என்ன, அவரைப் பார்க்க வரவில்லையா? என்னைப் பார்க்கவா? வத்சலா கலியமூர்த்தி என்று என் பேரையே சொல்கிறீர்கள். இந்த இரண்டு மாதத்தில் உங்கள் ஆபீஸிலிருந்து வந்தவர்களில் என் பேரைச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். அதுவே எனக்கு இடிக்கிறது. என்ன காரியம் ஆக வேண்டும் உங்களுக்கு?

சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும். என் வயலில் மூன்றாவது தடவை குழி தோண்ட வேண்டும். முதல் இரண்டு தடவை வந்த அந்தப் பெண் ஜெபசீலி வரவில்லை பாருங்கள். வரமாட்டாள். அவள் உங்களிடம் ஒரு கதை சொல்லியிருப்பாள். அதை ஓரமாக வைத்துவிட்டு இதைக் கேளுங்கள். நடுவில் பேசாதீர்கள், எனக்குக் கோர்வை போய்விடும்.

எங்கள் ஊர் வெந்நீர் போர்வெல்லைப் பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள்? நான் கல்யாணமாகி வருவதற்கு முன்னாலேயே யாரோ எண்ணெய் தேடித் துளைத்தார்களாம். எண்ணெய் வரவில்லை, சுடுதண்ணீர் வந்தது. விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதிலிருந்து மார்கழி மாதம் ஊரே அங்கேதான் குளிக்கிறது. முப்பது வருஷமாக ஒருத்தரும் ஏன் சுடுகிறது என்று கேட்கவில்லை. இந்த மாசி மாதம், உளுந்து பூ விட்டு நிற்கும்போது, திடீரென்று ஒரு ஜீப் வருகிறது. பூமிக்குள் சூடு இருக்கிறதா என்று பார்க்கிறோம், இருந்தால் அந்தச் சூட்டில் கரண்ட் எடுக்கலாம் என்கிறார்கள். இந்தப் பக்கம் வயலில் யார் கருவியோடு இறங்கினாலும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, மீத்தேனா எண்ணெயா என்பதுதான். சூடு என்று யாராவது புதிதாகச் சொன்னால், ஓகோ, இந்தத் தடவை பேரை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். உங்களுக்குத் தோன்றாதா? நீங்கள் இந்த ஊர்க்காரர் இல்லை, தோன்றாது.

இதில் எங்கள் வீட்டுக்காரர் செய்ததைக் கேளுங்கள். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் ஆட்கள் ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள். இவர் டீ கிளாஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் கையெழுத்துப் போடுகிறார். வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு மேலக்காட்டு வயல்ல கொஞ்சம் பேரு வந்து ஏதோ அளப்பாங்க" என்கிறார்.

"யாரு வயல்ல?"

"நம்ம வயல்லதான்."

"நம்ம வயலா?"

துடைப்பதை நிறுத்திவிட்டார். "சரி, ஒன் வயல்ல."

ஆறு மா சார். இரண்டு ஏக்கர். என் அப்பா கல்யாணச் சீராக, மஞ்சக்காணியாக, என் பேருக்கு எழுதிக் கொடுத்தது. இந்த வீட்டில் என் பேரில் இருப்பது இரண்டே இரண்டு. ஒன்று கேஸ் கனெக்‌ஷன், இன்னொன்று அந்த ஆறு மா. அதற்கு நில உரிமையாளர் என்று போட்ட கோட்டின் மேல் இவர் பேர். நான் கோபப்படவில்லை. ராத்திரிச் சாப்பாடு வரை பேசவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காகிதத்தின் நகலை வாங்கிப் படித்தேன். இங்கிலீஷில் ஒன்றரைப் பக்கம். நிலத்துக்கு எந்தப் பாதிப்பும் ஏற்படுத்தாத ஆய்வு என்று நடுவில் ஒரு வரி. பாதிப்பு இல்லையென்றால் அதை எதற்கு எழுத வேண்டும்? பால்காரர் இதில் விஷம் இல்லை என்று எழுதி வைத்துவிட்டா ஊற்றுகிறார்? இவரிடம் கேட்டேன். "எதுலயும் குத்தம் கண்டுபுடிக்கணும்னா கண்டுபுடிக்கலாம் வத்சலா" என்கிறார். முப்பது வருஷமாக இதே பதில். நான் கண்டுபிடித்த குற்றமெல்லாம் அங்கே இருந்ததால்தானே கண்டுபிடித்தேன்?

மறுநாள் ஜீப் வந்தது. ஒரு டிரைவர், இந்த ஜெபசீலி. திசையன்விளைப் பக்கமாம். ஆளைப் பார்த்தால் பிளஸ் டூ பிள்ளை மாதிரி இருக்கிறாள், டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாளாம். என்னைப் பார்த்ததும் ஆன்ட்டி என்றாள். நான் எந்த ஊரில் அவளுக்கு ஆன்ட்டி? இருக்கட்டும்.

"என்ன எடுக்கப் போறீங்க?" என்றேன்.

"ஒண்ணும் எடுக்க மாட்டோம் ஆன்ட்டி, அளக்கத்தான் செய்வோம். ஆப்பிரிக்கா பக்கம் எங்கயாவது இடி இடிச்சாக்கூட அந்த அலை பூமியச் சுத்தி வரும். சூரியன்ல இருந்தும் வரும். அது தரைக்குள்ள போகையில மெல்லிசா கரண்ட் ஓடும். கெட்டிப் பாறைன்னா லேசுல ஓடாது. சூடான உப்புத்தண்ணி கிடந்தா சரசரன்னு ஓடிரும். அத வச்சு, தோண்டாமலே, ரெண்டு மூணு கிலோமீட்டருக்குக் கீழ என்ன இருக்குன்னு சொல்லிரலாம்."

பிளஸ் டூவில் ஃபிசிக்ஸில் நூற்று எழுபத்தொன்று எடுத்தவள் நான். ஆப்பிரிக்காவில் இடி இடித்தால் மன்னார்குடிக்குப் பக்கத்தில் என் உளுந்து வயலில் தெரியுமாம். எங்கள் தெருவில் இடி இடித்து லைன் அறுந்தாலே கரண்ட் ஆபீஸுக்குத் தெரிவதில்லை. தோண்டாமலே என்கிறாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே டிரைவர் மண்வெட்டியால் தோண்டுகிறார். ஐந்து குழி. நடுவில் ஒன்று, நாலு திசையிலும் ஐம்பதடிக்கு மேல் தள்ளி ஒவ்வொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் குடுவை, ஒயர் சுற்றியது. வாளியில் ஏதோ சேற்றைக் குழைத்து அதில் ஊற்றினார்கள். அப்புறம் ஆள் உயரத்துக்குக் கறுப்புக் குழாய் மூன்று. இரண்டைப் படுக்க வைத்து, ஒன்றை நட்டு வைத்து, மட்டம் பார்த்து, திசை பார்த்து, பிரசவ வார்டில் குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி பதமாகப் புதைத்தாள். எல்லா ஒயரும் ஒரு மஞ்சள் பெட்டிக்கு. நாளைக் காலை வருகிறேன் என்று போய்விட்டாள்.

போகும்போது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. இவரைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ சொன்னாள். இவர் வந்து என்னிடம் சொன்னது மூன்று வார்த்தை. "யாரும் கிட்டப் போவக்கூடாதாம்." யாரும் என்றால் நிலத்துக்காரியுமா? ஆமாம், நிலத்துக்காரியும்தான். என் நிலத்தில் எதையோ புதைத்துவிட்டு, என்னையே கிட்டே போகாதே என்றால் என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், அப்புறம் சொல்லுங்கள்.

நான் போனேன். இரும்பு மடக்கு நாற்காலி ஒன்று, குடை ஒன்று. அந்தக் குழாய் புதைத்த இடத்துக்கு மேலேயே நாற்காலியைப் போட்டேன். யாராவது வந்து எதையாவது எடுக்கவோ வைக்கவோ செய்தால் என்னைத் தாண்டித்தானே செய்ய வேண்டும்? வீட்டு வேலையை யார் செய்வது என்று கேட்பீர்கள். அதையும் கூடவே கொண்டுபோனேன். அரிவாள்மனையில் அவரைக்காய் நறுக்கினேன். ஊறுகாய்க்கு இரண்டு கிலோ இஞ்சி, அதை இரும்பு உரலில் தட்டினேன். சாயங்காலம் ஆறு மணி வரை அசையவில்லை. ஒரு ஈ காக்கை வரவில்லை.

ஏன் சார் சிரிக்கிறீர்கள்? இஞ்சி தட்டுவதில் என்ன சிரிப்பு?

கேளுங்கள், இனிமேல்தான் விஷயம். மறுநாள் காலையில் அந்தப் பெண் பெட்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "பத்து மணியில இருந்து பதினொண்ணரை வரைக்கும் இங்க என்னமோ தட்டிக்கிட்டே இருந்துருக்கே" என்றாள். குழாயைத் தோண்டிப் பார்த்தாள், ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. "ராத்திரி ரெக்கார்டு ஆனதும் உதவாது" என்று டிரைவரிடம் சொல்கிறாள். பூமிக்குள் தட்டுகிற சத்தமாம். குழாய் தானாகச் சாய்ந்ததாம். அந்த நேரம் முழுக்க நான் அதே இடத்தில், அதற்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறேன். என் காதில் ஒன்றும் விழவில்லை. அப்படியென்றால் என்ன? ஒன்று, கீழே ஏதோ இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டு மறைக்கிறார்கள். இல்லையென்றால் திரும்ப வருவதற்குக் காரணம் ஜோடிக்கிறார்கள். வேறென்ன இருக்க முடியும்?

அவர்கள் போன பிறகு வரப்பு ஓரத்தில் என்ன கிடந்தது தெரியுமா? காலி உப்புப் பாக்கெட். ஒன்றல்ல, ஆறு. நான் வீட்டில் வாங்குகிற அதே சமையல் உப்பு. அந்த வாளிச் சேற்றில் கலந்தது உப்பு சார். வயலில் உப்பு. எங்களுக்குக் கிழக்கே பத்து மைலில் கடல் தண்ணீர் ஏறி நிலமெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது, நெல் போட்டால் நுனி கருகுகிறது. இங்கே எவராவது வயலில் கைப்பிடி உப்புப் போட்டால் கையை ஒடிப்பார்கள். இவர்கள் ஐந்து குழியில் ஆறு பாக்கெட் போட்டிருக்கிறார்கள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுப்பது, ஒன்றும் விளையாது என்று ஆன பிறகு அடிமாட்டு விலைக்குக் கேட்பது. இவரிடம் பாக்கெட்டைக் காட்டினேன். "கருவிக்கு எதுக்காவது தேவையா இருக்கும்" என்றார். உப்பு எதற்குத் தேவை, கருவி என்ன பழைய சோறு சாப்பிடுகிறதா?

பத்து நாள் கழித்து இரண்டாம் தடவை. "இந்தத் தடவை யாரும் கிட்ட வராம பாத்துக்கிடுங்க சார், மோட்டாரும் போடாதீங்க" என்று இவரிடம் கெஞ்சிவிட்டுப் போனாள். இவர் மோட்டாரை நிறுத்தி, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவு பக்தி. தெருக்கோடியில் உட்கார்ந்து வருகிற போகிற மோட்டார் சைக்கிளையெல்லாம் சுற்றிப் போகச் சொல்கிறார்.

நான் பின்பக்கமாகப் போனேன். உட்காரவில்லை. கிட்டே இருக்கக்கூடாது என்றார்கள், இருக்கவில்லை. ஐந்து குழியிலும் அந்த உப்புச் சேற்றை ஒரு துளி விடாமல் கரண்டியால் வழித்து எடுத்தேன். வடிகாலில் கொட்டினேன். குடுவைகளை வாய்க்கால் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, நல்ல காய்ந்த மண்ணாகப் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன். ஒயர் ஒன்றைக்கூட அறுக்கவில்லை. ஒரு திருகாணி குறையவில்லை. திருட்டுப் பட்டம் கட்டிவிடக்கூடாது பாருங்கள். அந்தக் குடுவைகள் வாங்கின நாளில்கூட அவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது.

மறுநாள் அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். குழியைப் பார்த்தாள். மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், எனக்கென்ன பயம். கேட்காமல் வரப்பில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். சத்தமில்லாமல், சுடிதார் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு. தப்புச் செய்யாதவள் எதற்கு அழ வேண்டும்? இவர் வீட்டுக்கு ஓடிவந்து, "அந்தப் புள்ளைக்கு ஒரு வாய் காபியாவது குடேன்" என்றார். "அழுவுற ஆளுக்குக் காபி குடுத்தா பொரையேறும்" என்றேன். அன்றைக்குப் போனவள்தான்.

இதுதான் நடந்தது. இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள். இப்போது பேசுங்கள்.

ம்.

இருங்கள். இஞ்சியா?

அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் இரும்பு அசைந்தாலே தெரியுமா? தரை அதிர்ந்தாலும் தெரியுமா? நாற்காலிக் கால் அழுத்தித்தான் சாய்ந்ததா? ஆப்பிரிக்கா இடி தெரிகிற குழாய்க்கு என் உரல் தெரியாதா என்கிறீர்கள். நக்கல் பண்ணாதீர்கள். பண்ணவில்லையா. சரி.

உப்பு?

குடுவை மண்ணோடு ஒட்ட வேண்டும், ஈரமாக இருக்க வேண்டும், அப்போதுதான் அந்த மெல்லிய கரண்ட் ஒயருக்கு வரும். காய்ந்த மண்ணில் ஒன்றும் வராது. முடிந்ததும் அந்தச் சேற்றை நீங்களே வழித்து மூட்டை கட்டி எடுத்துப் போவீர்கள். முதல் தடவை எடுத்துப் போனார்களா? ஆமாம். போனார்கள். ஒரு சாக்கு ஜீப்பில் ஏறியது, பார்த்தேன். எங்கள் மண்ணை எடுத்துப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அந்தப் பெண் இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்லவில்லை? இவரிடம் சொன்னாளா. இவரிடம் சொன்னால் இவர் என்னிடம் மூன்று வார்த்தைதான் சொல்வார் என்று யாராவது அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?

இது என்ன படம்? சிவப்பு என்றால் என்ன? கீழே சூடான தண்ணீர் இருக்கலாம் என்கிற இடமா? கிழக்கே இது மாசிலாமணி வயல். மேற்கே வெந்நீர் போர். இரண்டு பக்கமும் சிவப்பு. நடுவில் வெள்ளையாக ஓட்டை மாதிரி இது... இது என்னுடையது.

தெளிவாகச் சொல்லுங்கள் சார், சுற்றி வளைக்காதீர்கள். வருகிற சனிக்கிழமை உங்கள் ஆபீஸில் கூட்டம். இந்தப் படத்தை வைப்பீர்கள். இரண்டு பக்கமும் இருக்கிறது, நடுவில் தெரியவில்லை. தெரியவில்லை என்றால்?

துளையா?

என் வயலிலா?

எவ்வளவு ஆழம்? ஒரு கிலோமீட்டரா. ரிக் லாரி, சேறு தேக்குகிற குளம், மூன்று மாதம். அப்படி எழுதிவிடுவார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, எழுத வாய்ப்பு இருக்கிறது என்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். தோண்டாமல் பார்க்கத்தான் இந்த ஐந்து குழி. அதைத்தான் நான்...

தண்ணீர் குடிக்கிறீர்களா? நான் குடித்துவிட்டு வருகிறேன்.

சரி. ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். மூன்றாம் தடவை ஒழுங்காக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது துளை வேண்டாம், அப்படித்தானே? தலையை ஆட்டாதீர்கள், வாயால் சொல்லுங்கள்.

கீழே சூடு இல்லை என்று வந்தால் வேண்டாம். இருக்கிறது என்று வந்தால்?

தெரியாதா? உங்கள் கையில் இல்லையா?

பார்த்தீர்களா. அப்போது நான் சந்தேகப்பட்டதில் பாதி சரி. பாதிக்கு மேலேயே சரி. பார்க்காவிட்டாலும் துளை வரலாம், பார்த்தாலும் துளை வரலாம். நான் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலும் இதே இடத்தில்தான் வந்து நின்றிருப்பேன், இல்லையா? இல்லை என்கிறீர்கள். அப்படி இருந்திருந்தால் இதற்குள் தெரிந்திருக்கும் என்கிறீர்கள். சரி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று. இரண்டு மாதத்தில் இந்த வயலைப் பற்றி என்னிடம் தெரியாது என்று சொன்னவர் நீங்கள் ஒருத்தர்தான். மற்றவர்கள் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டுக்காரர் உட்பட.

தெரியாமல் இருப்பதை விடத் தெரிந்துகொண்டே சண்டை போடுவது மேல். தோண்ட வந்தால் எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்து நான் எதிரே நிற்க வேண்டும், வெள்ளை ஓட்டையை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. கொடுங்கள் அந்தப் படிவத்தை. புதுப் படிவமா? உரிமையாளர் என்ற இடத்தில் என் பேர் அச்சடித்தே கொண்டுவந்திருக்கிறீர்கள். இதை முதல் நாளே செய்திருந்தால் உங்களுக்கு ஆறு பாக்கெட் உப்பு மிச்சம். இருங்கள், பின்பக்கத்தைப் படித்துக்கொள்கிறேன்.

இங்கே நான் ஒரு வரி சேர்க்கிறேன். ஆட்சேபனை இருந்தால் இப்போதே சொல்லுங்கள். "முடிவு எதுவானாலும், கூட்டத்தில் வைப்பதற்கு முன்னால், நில உரிமையாளருக்குத் தமிழில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்." கீழே நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். தேதி போடுங்கள். சீக்கிரம், அவர் வருகிற நேரம்.

அவரிடம் இந்த இஞ்சி விஷயம், குடுவை விஷயம் எதையும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஏன் சரியாக வரவில்லை என்று கேட்டால் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லுங்கள். பொய் இல்லையே, யாரால் வந்த கோளாறு என்று அவர் கேட்கப்போவதில்லை. அவர் எதையுமே கேட்க மாட்டார்.

நாளைக்கு அந்தப் பெண்ணையே அனுப்புங்கள். வர பயப்படுகிறாளா? நான் என்ன கடித்தா வைப்பேன்? சொல்லுங்கள், காலையில் இங்கே வந்து இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வயலில் இறங்க வேண்டும் என்று. அந்த இடியைப் பற்றியும் நான் அவளிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். சூரியனிலிருந்து வருவது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

என்ன, அதற்கப்புறம் நான் வீட்டிலேயே இருந்துவிட வேண்டுமா? அது நடக்காது சார். எத்தனை மீட்டர் தள்ளி இருக்கச் சொன்னீர்கள், ஐம்பதா? நான் நூறு மீட்டர் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலி, கையில் ஒரு குண்டூசி இருக்காது. வளையலைக்கூடக் கழற்றி வைத்துவிடுகிறேன். இஞ்சி இல்லை, அரிவாள்மனை இல்லை, காலைக்கூட அசைக்க மாட்டேன்.

ஆனால் உட்காருவேன்.